நகக்கனம்

ஜூன் 4

வில் பட்டறைக்காரர் அவர்களுக்கு,

இது ஒரு வாடிக்கையாளரின் கடிதம். மனைவியின் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துபோய் இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள், முழுக்கப் படியுங்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நமக்குப் போனில் மூன்றாவது நிமிடம் குரல் ஏறிவிடுகிறது, நான்காவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

எனக்கு ஒரு நெடுவில் வேண்டும். சிரிக்க வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் அந்த வில்வித்தைக் கழக மைதானத்தில் உங்களைவிட நெருக்கமாக அம்பு போட்டவள் நான்தான். அதை நாலு பேர் முன்னால் நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பம்ப் செட்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் நாலைந்து பேர் வில் பழகக் கூடுகிறார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இழுக்கும் கனம் முப்பத்தெட்டு பவுண்டு போதும். நாணை இழுக்கும் நீளம் இருபத்தேழு அங்குலம்.

வில் என்றதும் நீங்கள் மரத்தைக் கேட்கமாட்டீர்கள், நீளத்தைக் கேட்கமாட்டீர்கள், பிடியைத்தான் கேட்பீர்கள். அதற்காகவே ஓர் அச்சு அனுப்பியிருக்கிறேன். நாள் முழுக்க ஊரார் வாயில் மாவை வைத்துப் பல் அச்சு எடுக்கிறவளுக்குக் கை அச்சு எடுக்கத் தெரியாதா? துடைப்பக் கட்டைத் துண்டில் மாவைச் சுற்றிப் பிடித்து எடுத்தது. கல் மாதிரி இறுகிவிட்டது, உடையாது.

இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று பட்டறையை அந்த ஊருக்குக் கொண்டுபோனீர்கள். ஆறு வருடம் ஆகிறது. வில்லையாவது சொன்ன நாளில் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

*

ஜூன் 11

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

கடிதமும் அச்சும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நெருக்கமாக அம்பு போட்டது நீதான், இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெருக்கமாகப் போட்டாயே தவிர குறியில் போடவில்லை. ஐந்து அம்பும் ஒன்றாகப் போய் வேலியில் நிற்கும்.

பிடியைப் பற்றி. என் பட்டறையில் மூன்று வகை உண்டு. நேர்ப்பிடி என்பது ஒரே சீராக ஓடும் கட்டை. கை அதில் எங்கே வேண்டுமானாலும் உட்காரும், வில் ஒன்றும் சொல்லாது. அதனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைக்கும் பொறுப்பு பிடிக்கிறவருடையது. இரண்டாவது குழிப்பிடி. உள்ளங்கை உட்காருகிற இடத்தில் மெல்லிய குழி இருக்கும், கை வழுக்கிக்கொண்டு போய் அங்கே நிற்கும். பெரும்பாலானவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். மூன்றாவதை நாங்கள் பூட்டுப்பிடி என்கிறோம். ஒரு கையின் அச்சைப் பார்த்து, கட்டைவிரல் மேட்டுக்கு ஒரு இடம், விரல்களுக்கு ஒரு இடம் என்று செதுக்குவது. கையை வைத்தால் பூட்டில் சாவி மாதிரி விழும். அந்த ஒரு கைக்கு அது சொர்க்கம். வேறு கைக்கு ஆகாது.

மூன்றிலும் வேலை நகக்கனத்தில்தான். ஒரு நகத்தின் கனம் கூட எடுத்துவிட்டால் வில் கைக்குள் திருகும், அம்பு ஓரமாகப் போகும். எடுத்ததைத் திருப்பி ஒட்டவும் முடியாது.

இனி உன் அச்சைப் பற்றி. அம்மா தாயே, இது வலது கை. நீ இடது கையில் வில்லைப் பிடித்து வலது கையால் நாணை இழுக்கிறவள், இந்த உலகத்தில் முக்கால்வாசிப் பேரைப் போல. இருபது வருடம் பல் அச்சு எடுத்தவளுக்கு இடம் எது வலம் எது என்று மறந்துபோனால், உன்னிடம் பல் கட்டிக்கொள்ள வந்தவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. சரியான கையில் இன்னொரு அச்சு எடுத்து அனுப்பு.

நம் பெண் மிளகு எப்படி இருக்கிறாள்? நில அளவைப் படிப்பு இந்த வருடம் முடிகிறது என்று உன் தங்கை சொன்னாள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்

*

ஜூன் 17

பட்டறைக்காரருக்கு,

கிண்டல் போதும். அது தெரிந்தே எடுத்த அச்சு. எனக்கு இடது தோள்பட்டை பிடித்துக்கொண்டுவிட்டது. சேலைத் தலைப்பைத் தூக்கிப் போடவே கை ஏறவில்லை. அதனால் கையை மாற்றிக்கொண்டேன். வலது கையில் பிடிக்கிறேன், இடது கையால் இழுக்கிறேன். இதை முதலிலேயே எழுதாதது என் தப்பு.

நம்பமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் இன்னும் இரண்டு அச்சு. ஒன்று உங்கள் கடிதம் வந்த அன்று எடுத்தது, ஒன்று இன்று காலையில் எடுத்தது. என் வேலையில் ஒரு விஷயம் கற்றிருக்கிறேன். ஆட்களிடம் "நல்லா கடிங்க" என்றால் பொய்யாகக் கடிப்பார்கள், பற்களை எங்கேயோ கொண்டுபோய் வைப்பார்கள். "முடிஞ்சுது, எழுந்திரிங்க" என்று சொல்லிவிட்டு, மாவை எடுப்பதற்கு முன் ஒரு முறை வாயை மூடச் சொன்னால் அதுதான் உண்மையான கடி. கையும் அப்படித்தான், ஒரே தடவையில் உண்மை சொல்லாது. அதனால்தான் மூன்று அச்சு. மூன்றையும் வைத்துப் பாருங்கள்.

எனக்குப் பூட்டுப்பிடிதான் வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் முடிவு உங்களுடையது, கைத்தொழில் தெரிந்தவர் நீங்கள்தானே.

மிளகு நன்றாக இருக்கிறாள். வெயிலில் அளவுச் சங்கிலி பிடித்துக் கறுத்துப்போயிருக்கிறாள், வாய் மட்டும் அதே காரம். உங்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாள் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும்.

இப்படிக்கு,
தோள்பட்டைக்காரி

*

ஜூன் 25

அன்புள்ள உனக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று தாள் கிழித்துவிட்டேன். வாடிக்கையாளர் நாடகம் போதும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரித்து மூன்று அச்சையும் வேலை மேசையில் வரிசையாக வைத்தேன். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற அந்த வளைவு மூன்றிலும் ஒரே இடம். கட்டைவிரல் மேடு அழுத்திய பள்ளம் மூன்றிலும் ஒரே ஆழம். விரல் கணுக்களின் சாய்வும் ஒன்றேதான். பட்டறைக்கு வருகிற பெரிய வில்லாளிகள், பத்து வருடம் பழகியவர்கள், அவர்கள் கை ஒரு நாளைக்கு மூன்று விதமாகப் பிடிக்கும். இந்தக் கை வெவ்வேறு நாட்களில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு நகக்கனம்கூட மாறாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை.

பிறகு சுண்டுவிரலைப் பார்த்தேன்.

உன் சுண்டுவிரல் மெழுகுவத்தி மாதிரி நேராக இருக்கும். இந்த அச்சில் சுண்டுவிரல் முதல் கணுவிலேயே உள்பக்கமாக வளைகிறது. மூன்றிலும் வளைகிறது. என் கையை எடுத்து அச்சின் மேல் வைத்தேன். வலது கையை. விரல்கள் கொஞ்சம் வெளியே நீண்டன, அவ்வளவுதான். வளைவு அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. உன் தோள்பட்டை நன்றாக இருக்கட்டும், அது எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கும். முப்பத்தெட்டு பவுண்டைத் தோள் பிடித்தவள் கேட்பாளா?

அது மிளகின் கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அச்சைக் கீழே வைத்துவிட்டு, பட்டறையில் கிடந்த ஒரு நேர்ப்பிடி வில்லை எடுத்து, வாழ்க்கையில் முதல் முறையாக வலது கையில் பிடித்து இடது கையால் நாணை இழுத்தேன். தோள் தானாகப் பின்னால் போய் நின்றது. மூச்சு தானாக நின்றது. ஐம்பத்தொரு வயதில், என் சொந்த வீட்டில் இதுவரை திறக்காத ஓர் அறைக்குள் போன மாதிரி இருந்தது. நான் இடதுகைக்காரன் என்பது எனக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் அப்பா மாற்றிவிட்டார், மாறிவிட்டேன், அவ்வளவுதான் என்று இருந்தேன். மாறவே இல்லை போலிருக்கிறது.

இப்போது நீ ஒன்று சொல்ல வேண்டும். மாவைப் பிடி என்றால் எல்லோரும் பிழிவார்கள். விரல் நுனிகள் ஆழமாகப் பதியும். இந்த அச்சில் விரல்கள் பட்டும் படாமலும் இருக்கின்றன, அழுத்தம் முழுவதும் கட்டைவிரல் மேட்டில். கையை நீட்டி எதன் மேலாவது தள்ளினால்தான் இப்படிப் பதியும். அவள் எப்படி நின்றாள்? என்ன சொல்லி அவளிடம் மாவைக் கொடுத்தாய்?

பூட்டுப்பிடிதான் சரி. இன்றே மரத்தை எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
நான்

*

ஜூலை 2

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் பொய் சொன்னால் மூன்றாவது வரியில் மாட்டிக்கொள்வேன் என்று என் அம்மா சொல்வாள், உங்களிடம் மூன்றாவது அச்சில் மாட்டிக்கொண்டேன். தோள்பட்டை நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று அலமாரியைத் தனியாக நகர்த்தினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாள். கேட்டால், "சும்மா, ஃபிரெண்ட்ஸைப் பாக்கப் போறேன்." தாயாகப்பட்டவள் என்ன நினைப்பாள், சொல்லுங்கள். யாரோ பையன் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு பின்னாலேயே போனேன். பம்ப் செட் சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கழகத்தின் பழைய நேர்ப்பிடி வில், யாரும் தொடாதது, அதை வலது கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

எனக்கு அதை எழுத வரவில்லை. இழுத்தாள். இழுத்த பிறகு அசையவே இல்லை. காற்றில் அவள் சட்டை அசைந்தது, தலைமுடி அசைந்தது, அவள் அசையவில்லை. விட்டதுகூட எனக்குத் தெரியவில்லை, அம்பு அங்கே குறியில் நின்றதைப் பார்த்துத்தான் விட்டுவிட்டாள் என்று தெரிந்தது. நான் பெற்ற பெண், காலையில் எழுப்ப நாலு தடவை கத்த வேண்டிய பெண், அவளுக்குள்ளே இவ்வளவு அமைதி எங்கே இருந்தது? சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றுதான் உங்களுக்கு எழுதும் எண்ணம் வந்தது. மாவைக் கொடுத்தபோது, வேலையிடத்துக்குப் புது மாவு வந்திருக்கிறது, எப்படி இறுகுகிறது என்று பார்க்க வேண்டும், பிடி என்றேன். "எந்தக் கையிலம்மா?" என்று கேட்டாள். உனக்கு எது வாகோ அதில் என்றேன். அவள் கட்டையைக் கதவு நிலையில் நிறுத்தி, கையை நேராக நீட்டி, அதைத் தள்ளிக்கொண்டு நின்றாள். பார்வை எதிர்வீட்டு மொட்டை மாடியைத் தாண்டி எங்கேயோ. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மூன்று தடவையும் அப்படியேதான் நின்றாள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. அவளுக்கு முதல் தடவையே தெரிந்திருக்கிறது. எந்த மாவு, யாருக்குப் போகிறது, எல்லாம். தெரிந்துதான் கையைக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அமுக்குணி. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கோபமான பகுதி. உட்கார்ந்து படியுங்கள்.

அவளுக்குப் பதின்மூன்று வயதில் நீங்கள் ஒரு வில் செய்தீர்கள். இடது கைக்கு அச்சு எடுத்த பூட்டுப்பிடி. வலது கைக்கு அவள் மாற்றும்போதெல்லாம் அந்த மரமே அவள் கையைக் குத்தித் துரத்தியது. போதாததற்கு இடது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, "பிடிக்கிற கை இதுதான், மறக்காதே" என்றீர்கள். "கொஞ்சம் இறக்கு, கொஞ்சம் திருப்பு, இன்னும் கொஞ்சம்." ஒரு வருடம் அந்தக் கொஞ்சத்தைக் கேட்டோம். அவள் ஒரு நாள் கத்தரிக்கோலால் நாடாவை வெட்டி உங்கள் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள், பிறகு உங்களிடம் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் இரண்டு மாதத்தில் வருகிறேன் என்று கிளம்பிவிட்டீர்கள். அந்த வில் இன்னும் அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உங்கள் அப்பா உங்களை மாற்றிய மாதிரியே அவளையும் மாற்றினால் அவளுக்கு வசதி என்று நினைத்தீர்கள். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

பூட்டுப்பிடி வேண்டும் என்று நானே எழுதினேன். எழுதின கையை உடைக்க வேண்டும். இரண்டு நாளாக யோசிக்கிறேன். சரியான கைக்குச் செதுக்கினாலும் அது பூட்டுத்தானே? மறுபடியும் நீங்கள் முடிவு செய்து, அவள் கையை அதற்குள் வைக்கச் சொல்கிற மாதிரிதானே? எனக்கு வில் வேலை தெரியாது. யோசித்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

*

ஜூலை 12

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வந்தபோது பிடியைச் செதுக்கி முடித்துவிட்டிருந்தேன்.

அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் செய்ததிலேயே அதுதான் சிறந்தது. மூன்று அச்சையும் பக்கத்தில் வைத்து, அரம் போட்டு, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து ஒரு வாரம் வேலை. அரம் என் இடது கையில் இருந்ததை நாலாவது நாள்தான் கவனித்தேன். ஆச்சரியம் என்னவென்றால் கை ஓடிய வேகம்தான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அதில் கையை வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஏழு வருடம் ஆகிறது அந்தக் கையைப் பிடித்து.

அதற்குப் பிறகு உன் கடிதத்தைப் பிரித்தேன்.

முதலில் கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று. அடுத்த நாள் அந்தப் பிடியில் என் இடது கையை வைத்துப் பார்த்தேன். நான் செதுக்கிய மேடு என் உள்ளங்கையைக் குத்தியது. வைத்த இடத்திலிருந்து வெளியே தள்ளியது. அப்போதுதான் பதின்மூன்று வயதில் அவள் வலது கையை அந்தப் பழைய வில் என்ன செய்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. ஒரு வருடம் அவள் கையை அது குத்தியிருக்கிறது, அதைச் செய்தவன் பக்கத்தில் நின்று கொஞ்சம் திருப்பு என்று சொல்லியிருக்கிறான். வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது.

செதுக்கிய வில்லை நான் அனுப்பவில்லை. அது பட்டறைச் சுவரில் தொங்குகிறது. எவ்வளவு சரியாக இருந்தாலும் அது நான் எடுத்த முடிவு.

அதே மரத்தின் மறுபாதியில் இன்னொரு வில் செய்தேன். நேர்ப்பிடி. எந்தக் கையிலும் பிடிக்கலாம், எந்தப் பக்கமும் அம்பு வைக்கலாம். பிடியில் மரத்தைத் தேவைக்கு மேல் கனமாக விட்டிருக்கிறேன். மெருகு பூசவில்லை, தோலும் சுற்றவில்லை. ஒரு சின்ன அரமும் இரண்டு தாள் உப்புத்தாளும் பெட்டியில் இருக்கின்றன. வேண்டுமென்றால் அவளே தேய்த்துக்கொள்ளட்டும், வேண்டாமென்றால் அப்படியே இருக்கட்டும்.

கூடவே அவளுக்கு ஒரு தாள். நீ படிக்கலாம், ஒட்டவில்லை.

அன்புடன்,
உம்மணாமூஞ்சி

*

ஜூலை 12

மிளகுக்கு,

எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், மன்னித்துக்கொள். இதை இடது கையால் எழுதுகிறேன். நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆகிறது.

உன் கை சரியாகத்தான் இருந்தது. முதல் நாளிலிருந்தே சரியாக இருந்தது. தப்பு நான் செதுக்கிய மரத்தில்.

இந்த வில்லில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா

*

ஜூலை 30

அன்புள்ள உங்களுக்கு,

எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லை. இப்போதும் நல்ல செய்தியாக எதுவும் இல்லை.

பெட்டி வந்த அன்று அவள் அளவைப் பயிற்சியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரித்தாள். வில்லைச் சுவரில் சாய்த்துவிட்டு உங்கள் தாளைப் படித்தாள். நாலு வரியை எவ்வளவு நேரம் படிக்க முடியும்? காபி ஆறிப்போகிற வரைக்கும் படித்தாள். பிறகு மடித்து அளவைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். என்னடி எழுதியிருக்கார் என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். "உனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த நாளிலிருந்து ஞாயிறு மட்டும் இல்லை, தினமும் காலையில் வில்லை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குள்ளே ஒரே குதூகலம். அரத்தைத் தொட்டாளா என்று பார்த்தேன், தொடவில்லை. உப்புத்தாள் உறையில் அப்படியே இருந்தது.

இன்று காலை எழுந்து வந்தால் வில் பெட்டிக்குள் இருக்கிறது. சுற்றிக் கட்டி, மேலே உங்கள் பட்டறை முகவரியும் எழுதியிருக்கிறாள். "போற வழியில கூரியர்ல போட்டுடும்மா" என்றாள். வாசலில் போய் நின்று, "பாத்துப் போடும்மா, நனையக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பெட்டிக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்துவிட்டால் நல்லது. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நாள் அவள் உங்கள் வில்லைக் கையில் பிடித்திருக்கிறாள். அதுவே பெரிசு என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அந்த நாடாவைத் திருப்பி வைத்த மாதிரி இதையும் வைத்துவிட்டாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

சாப்பிடுங்கள். மரத்தூளை மட்டும் சாப்பிட்டு உயிர் வாழ முடியாது.

உங்கள்,
வீட்டுக்காரி

*

ஆகஸ்ட் 4

என் அன்பானவளுக்கு,

பெட்டி முதலில் வந்தது, உன் கடிதம் பிறகு வந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று.

பிரித்தேன். வில்லைக் கையில் எடுத்ததும் ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். மெருகு பூசாத மரம் அல்லவா, பன்னிரண்டு நாளில் அவள் கை அதில் படிந்துவிட்டது. வியர்வையும் புழுதியும் சேர்ந்து, கட்டைவிரல் மேட்டின் அகலம், விரல்கள் தொட்ட நாலு நிழல், சுண்டுவிரலின் அந்த வளைவு, எல்லாம் பழுப்பாக. சின்னப் பிடியில் பன்னிரண்டு நாளும் நூற்றுக்கணக்கான அம்பும் ஒரே இடத்தில். பக்கத்திலே இன்னொரு கறை இல்லை, கலைந்த விளிம்பு இல்லை. நேர்ப்பிடியில் இது நடக்காது என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் வாயை யாராவது அடைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை.

பூட்டு தேவையே இல்லாத கை இது. எனக்கு அது இத்தனை நாள் தெரியவில்லை.

பிறகுதான் அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தேன். அளவைப் பென்சில், முனை கூர்மையானது. கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே, ஒரு புளியங்கொட்டை அகலத்துக்கு ஒரு வட்டம். அதைச் சுற்றி மீதி இடம் முழுவதும் குறுக்குக் கோடு போட்டிருக்கிறாள், நிலப் படத்தில் தொடக்கூடாத இடத்துக்குப் போடுவார்களே, அது மாதிரி. வட்டத்திலிருந்து ஒரு அம்புக்குறி. அதன் முனையில் எழுதியிருக்கிறாள்:

"இங்கே மட்டும். கொஞ்சம்."

கொஞ்சம் என்று எழுதியிருக்கிறாள். அந்த வார்த்தையை நான் அவளிடம் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். இன்று அதை அவள் எனக்குச் சொல்கிறாள். உட்கார்ந்து அழுதேன், வந்தவரிடம் கண்ணில் மரத்தூள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

அரத்தை எடுத்தேன். வைத்துவிட்டேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு? எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் அந்தச் சொல்லை வைத்துப் பிழைத்தவனுக்கு அதன் அளவு தெரியவில்லை. என் கொஞ்சத்தை நான் நம்பத் தயாராக இல்லை. நீ கேட்டு எழுது. இல்லை, நீ கேட்க வேண்டாம். முடிந்தால் அவளையே எழுதச் சொல். அதுவரை வில் மேசை மேல் இருக்கும், தொடமாட்டேன்.

உன்,
உம்மணாமூஞ்சி

*

ஆகஸ்ட் 9

அப்பா,

கொஞ்சம் என்றால் ஒரு நகக்கனம். உங்கள் நகம் இல்லை, என் நகம்.

அதனால் நீங்களாக எடுக்க வேண்டாம். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீங்கள் தேயுங்கள், போதும் என்று நான் சொன்னதும் நிறுத்துங்கள்.

அரத்தை இடது கையில் பிடிக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அதைப் பார்க்க வேண்டும். அம்மாவும் வருகிறாளாம், தோள்பட்டை வலிக்கிறது என்று லீவு சொல்லிவிட்டாள்.

நிறுத்தத்திலிருந்து பட்டறைக்கு எப்படி வர வேண்டும் என்று எழுதுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் படிக்க வருகிறது.

மிளகு